பொன்னுத்தாயின் குதிகால்

இப்போது என்னைத் தேடி வருகிறவர்கள் காலைக் காட்டுவதற்கு முன்னால் செல்போனைக் காட்டுகிறார்கள். அதில் ஒரு படம் ஓடும். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் பேசிக்கொண்டிருப்பார், பக்கத்தில் ஒரு புண் சுருங்கிச் சுருங்கி மறைந்துபோகும். "அண்ணாச்சி, இந்த ஸ்டெம் செல் வச்சா கால எடுக்க வேண்டாமாமே, நெசமா?" என்று கேட்பார்கள்.

நான் டாக்டர் இல்லை. புண் கட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். ஒன்பதாம் வகுப்பைக்கூட முடிக்காதவன். பாளையங்கோட்டைப் பக்கம் ஓர் அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் அந்த வைத்தியத்தைச் செய்து பார்த்தபோது கட்டுப் போட்டவன் நான் என்று யாரோ சொல்லிவிட்டிருக்கிறார்கள். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்த பிள்ளைகளும் எழுதித் தாருங்கள் என்று நச்சரிக்கிறார்கள். சரி, எழுதுகிறேன். நம்பிக்கை ஊட்டுகிற கதை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் சீவலப்பேரி. பள்ளிக்கூடத்தில் உட்காரப் பிடிக்கவில்லை. எங்கேயும் உட்காரப் பிடித்ததில்லை. லாரியில் கிளீனராகப் போனேன். தூத்துக்குடி உப்பளத்தில் கொஞ்ச காலம், பம்பாயில் ஓர் ஓட்டலில் பாத்திரம் கழுவிக்கொண்டு கொஞ்ச காலம், அப்புறம் கேரளத்தில் கல் உடைக்கும் குவாரி. அங்கே ஒரு கல் உருண்டு கணைக்காலை உடைத்தது. கொல்லத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தேன். பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தொடையில் பெரிய புண். கட்டுப் பிரிக்கும்போது அவரைப் பிடித்துக்கொள்ள ஆள் கிடையாது. படுத்தபடியே கையை நீட்டி நான் பிடித்துக்கொள்வேன். புண்ணைப் பார்த்து முகத்தைத் திருப்பாதவன் என்று அங்கே பெயர் வந்துவிட்டது. கால் சரியானதும் அங்கேயே உதவியாளாகச் சேர்ந்தேன். என் படிப்பு அவ்வளவுதான்.

பிறகு திருநெல்வேலிக்கு வந்தேன். அறக்கட்டளை ஆஸ்பத்திரியில் துடைக்கப் பெருக்கச் சேர்ந்து, கட்டுக் கட்டும் அறைக்கு மாறினேன். நடுவில் இரண்டு முறை சொல்லாமல் ஓடிப்போயிருக்கிறேன். இரண்டு முறையும் திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். அந்த வேலைக்கு அவ்வளவு எளிதில் ஆள் கிடைக்காது.

அப்போதெல்லாம் புண்ணைக் கழுவுவது என்றால் நுரை மருந்துதான். ஊற்றினால் பொங்கும். நோயாளிக்கும் அதைப் பார்த்தால் திருப்தி. நுரை குறைந்தால், "என்ன அண்ணாச்சி, மருந்து பழசா?" என்பார்கள். அழுத்தித் துடைத்து, ரத்தம் துளிர்க்கிற அளவுக்குச் சுரண்டி, அயோடின் ஊற்றி இறுக்கிக் கட்டுவோம். புண் அறை முழுவதும் அந்த வாடைதான் அடிக்கும்.

லூர்து டாக்டர் வந்த பிறகு அதெல்லாம் போயிற்று. அறுவைச் சிகிச்சை டாக்டர். கடற்கரை ஊர்க்காரர், அவர் அப்பா கடலுக்குப் போனவர். எங்கள் எல்லோரையும் 'வே' போட்டுத்தான் பேசுவார். வந்த முதல் வாரமே நுரை மருந்துப் பாட்டில்களை எடுத்துத் தரை துடைக்கிற ஆளிடம் கொடுத்துவிட்டார். "இது பொங்குத நேரத்துல கிருமி மட்டுமா வே சாகுது? முளைக்க வந்ததும் சேந்துல்லா சாகுது" என்றார்.

அவர் புண் பார்க்கிற விதம் தனி. உள்ளே வந்ததும் காலைப் பார்க்க மாட்டார். காலையில் என்ன சாப்பிட்டீங்க, யாரு சமைச்சா, ராத்திரி உறங்குனீங்களா என்று கேட்பார். அதன் பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முகத்தைப் புண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய் மோந்து பார்ப்பார். முகமூடி அதற்குப் பிறகுதான். கட்டு ஒட்டியிருந்தால் இழுக்கக் கூடாது. உப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருக்க வேண்டும். துணி தானாக விட்டு வருகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும். நான் பறந்தால், "பைய வே, பைய. நீரு பிய்க்கது துணி இல்ல, நேத்து முளைச்ச தோலு" என்பார். ஆறிவிடும் என்ற வார்த்தையை ஒரு நோயாளியிடமும் அவர் சொல்லிக் கேட்டதில்லை. பாப்போம் என்பார். ஏன் டாக்டர் அப்படி என்று கேட்டேன். "எங்க அப்பா கடலப் பாத்துட்டு இன்னைக்குப் போகலாம்னு மட்டுந்தான் சொல்லுவாரு. வந்திருவேன்னு ஒரு நாளும் சொன்னதில்ல" என்றார்.

ஸ்டெம் செல் என்ற பேச்சை நான் முதலில் கேட்டது ஒரு டீ மாஸ்டர் கையை வைத்து. வண்ணாரப்பேட்டையில் கடை. கொதிக்கிற பால் முன்கையில் கொட்டித் தோல் உரிந்துபோய் வந்தார். சில வாரம் கட்டினோம். ஒரு நாள் கட்டைப் பிரித்ததும் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். சிவந்த புண்ணுக்கு நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வெளிறிய ரோஜா நிறத்தில் புள்ளிகள்.

"இது என்ன வே?"

"தோலு டாக்டர். முளைக்கு."

"எங்கேருந்து முளைக்கு?"

"ஓரத்துலேருந்து."

"ஓரம் அங்கன இருக்கு. இது நடுவுல கெடக்கு. பறந்து வந்துச்சா?"

டீ மாஸ்டரே சிரித்துவிட்டார். டாக்டர் தன் கையில் ஒரு முடியைப் பிடித்து இழுத்துக் காட்டினார். முடியின் வேருக்குப் பக்கத்தில், தோலுக்கு அடியில், சில அணுக்கள் சும்மா ஒதுங்கிக் கிடக்கும். மேல்தோல் எரிந்துபோனாலும் அவை ஆழத்தில் தப்பித்துக்கொள்ளும். அப்புறம் பெருகி மேலே ஏறி வந்து, தோலாகவே மாறிப் பரவும். தீவு தீவாகக் கிளம்பி ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும். அதுதான் ஸ்டெம் செல், பத்திரிகைகளில் குருத்தணு என்று எழுதுகிறார்களே அது. விதைக்கென்று எடுத்து வைக்கிற நெல் மாதிரியா என்று கேட்டேன். "இந்த எடத்துல அப்படிச் சொல்லலாம்" என்றார்.

அதற்கடுத்த பேச்சுதான் முக்கியம். "ஆனா உள்ளங்கால்ல முடி இருக்கா வே? கிடையாதுல்லா. அங்கன ஆழமாப் புண் வந்தா நடுவுல தீவே வராது. ஓரத்துலேருந்துதான் தோலு நகந்து வரணும். சக்கரை உள்ளவனுக்கு அந்த ஓரமும் உறங்கிரும்."

அந்த உறங்கிப்போன ஓரங்களைத்தான் நான் வாழ்க்கை முழுவதும் பார்த்திருக்கிறேன். விளிம்பு தடித்துச் சுருண்டு, வெள்ளையாக, செத்த மீன் வாய் மாதிரி இருக்கும். மாதக்கணக்கில் அசையாது. கட்டுவோம், பிரிப்போம், கட்டுவோம். கடைசியில் ஒரு நாள் எலும்பில் சீழ் பிடித்துவிடும். அப்புறம் காலை எடுக்க வேண்டியதுதான். மேலப்பாளையத்து வியாபாரி, பேட்டை மில்காரர், வயல் வேலைக்காரர் என்று ஆள் மட்டும்தான் மாறும்.

சில வருடங்கள் கழித்து டாக்டர் ஒரு சோதனை வைத்தியத்துக்கு அனுமதி வாங்கினார். அதற்கென்று ஒரு குழு இருக்கிறது, அவர்கள் ஒத்துக்கொண்டால்தான் செய்யலாம். இடுப்பு எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையை ஊசியால் எடுத்து, அதிலிருந்து ஸ்டெம் செல் உள்ள பகுதியைப் பிரித்து, ஆறாத புண்ணில் வைப்பது. நான் மறுபடியும் விதைநெல் என்றேன். டாக்டர் இந்தத் தடவை ஒத்துக்கொள்ளவில்லை. "இது அது இல்ல வே. இது தோலா மாறாது. கூப்பிடுத ஆளு இது. நடவுக்கு ஆள் கூப்பிட ஒருத்தன் தெருத்தெருவாப் போவாம்லா, அவன் நாத்து நட மாட்டான். ரத்தக் குழாயக் கூப்பிடும், உறங்குத ஓரத்தத் தட்டி எழுப்பும், வீக்கத்த அமத்தும். அதோட சரி. வாரதுக்கு ஆள் இருந்தாத்தான் வரும்."

அந்தச் சமயத்தில்தான் பொன்னுத்தாய் வந்தார்.

மலைமேல் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்துக்காரர். அங்கேயே பிறந்து, அங்கேயே தேயிலை பறித்தவர். தோட்டத்தை மூடி எல்லோரும் மலையை விட்டு இறங்கியபோது அவரும் கணவர் செல்லையாவும் இறங்கினார்கள். ஒரே மகள் திருப்பூரில் பனியன் கம்பெனியில். நகரத்துக்கு வெளியே ஓர் அடுக்குமாடியில் மேல்தளத்தில் வீடு கிடைத்திருந்தது. குடிதண்ணீர்க் குழாய் கீழே. செல்லையாவுக்கு மூச்சுக் கோளாறு, நாலு படி ஏறினால் நின்றுவிடுவார். தண்ணீர், அரிசி, மருந்து எல்லாம் மேலே வருவது பொன்னுத்தாய் காலில்தான். அந்த ஒரு காலை எடுத்துவிட்டால் இரண்டு பேரும் மேலேயே கிடக்க வேண்டியதுதான். இதை அவர் முதல் நாளே எங்களிடம் சொல்லிவிட்டார். வேறோர் ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும் என்று ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

வலது குதிகாலில் அடிப்பக்கம் புண். நான் கட்டைப் பிரித்துக்கொண்டிருக்கும்போது மேலேயிருந்து குரல் வந்தது. "எத்தன பேரு குனிஞ்சு குனிஞ்சு பாத்தாச்சு இந்தக் கால. என்னப் பொண்ணு பாக்க வந்தப்பகூட இவ்வளவு பேரு மூஞ்சியப் பாக்கல."

"நான் பாத்தேன்லா" என்றார் செல்லையா.

"நீரு எங்கவே பாத்தீரு? தட்டுல இருந்த மிச்சரப் பாத்தீரு."

புண் எப்படி வந்தது என்று செல்லையாதான் சொன்னார். மலையிலிருந்து இறங்கி வீட்டுச் சாமான்களை மேலே ஏற்றிய நாள் அது. பொன்னுத்தாய்க்குச் சர்க்கரை இருப்பது மலையில் இருக்கும்போதே தெரியும், பாதத்தில் உணர்ச்சி போனது யாருக்கும் தெரியாது. "வீட்டுக்குள்ள இவ நடந்தா டக்கு டக்குன்னு சத்தம் கேக்கு. ஏளா, என்ன கொலுசா போட்டிருக்கேன்னு கேட்டேன்."

"கொலுசு வாங்கித் தந்த மூஞ்சி" என்றார் பொன்னுத்தாய்.

"அப்புறம் செருப்பக் கழட்டுன்னா கழட்ட முடியல. குனிஞ்சு பாத்தா, ஒரு ஆணி. செருப்பையும் காலையும் சேத்து அடிச்ச மாதிரி நிக்கி. தலை தரையில தட்டித்தான் டக்கு டக்குன்னு கேட்டிருக்கு. இவ அதோடயே மாடிக்கும் கீழுக்குமா நடந்திருக்கா."

லூர்து டாக்டர் மோந்து பார்த்தார். கம்பியால் தொட்டுப் பார்த்தார். எலும்பு தட்டவில்லை. காலுக்கு ரத்தம் போகிறதா என்று கருவியை வைத்துக் கேட்டார். போகிறது. படுக்கையில் சேர்த்து, செத்த சதையை வெட்டி எடுத்து, சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து கட்டிப் பார்த்தோம். அழுகல் நின்றது. ஆனால் ஓரம் உறங்கிப்போய்விட்டது. மாதங்கள் ஓடின. அப்போதுதான் டாக்டர் அந்தச் சோதனையைப் பற்றிச் சொன்னார். பலிக்கும் என்று உறுதி கிடையாது, வேண்டாம் என்றால் பழையபடியே கட்டிக்கொண்டிருப்போம் என்றும் சொன்னார்.

"இடுப்பெலும்புக்குள்ளேருந்து எடுப்பீங்களா?" என்று கேட்டார் பொன்னுத்தாய். "மீதி எல்லாம் தேயிலைக்கே போயிட்டு. அங்கனயாவது ஏதாச்சும் மிச்சம் இருக்கா பாருங்க."

எடுத்த அன்று நான் கூட இருந்தேன். குப்புறப் படுக்கவைத்து, இடுப்புக்குப் பின்னால் எலும்பு மேடு எங்கே இருக்கிறது என்று டாக்டர் கட்டைவிரலால் தடவித் தேடினார். மரத்துப்போக ஊசி போட்டார். பிறகு தடித்த ஊசி. அது எலும்பைத் துளைக்கும்போது பலகையில் ஸ்குரூ ஏற்றுகிற மாதிரி கையைத் திருப்பித் திருப்பி அழுத்த வேண்டும். உள்ளே போனதும் கை சட்டென்று இளகும். மஜ்ஜையை இழுக்கிற நேரத்து வலிக்கு மரப்பு ஊசி உதவாது. எலும்பை உறிஞ்சுகிற மாதிரி இருக்கும் என்பார்கள். பொன்னுத்தாய் என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். சத்தமே போடவில்லை. நகம் பதிந்த தடம் மட்டும் கொஞ்ச நாள் இருந்தது.

வந்தது ரத்தம் மாதிரித்தான் இருந்தது, கொஞ்சம் கொழுப்பு மினுங்கியது. அதை இயந்திரத்தில் சுற்றவிட்டால் அடியில் சிவப்பு, மேலே வைக்கோல் நிறத்தில் தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் பாலாடை கனத்துக்கு வெளுப்பாக ஒரு வளையம். அந்த வளையம்தான் சரக்கு. டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதை மட்டும் உறிஞ்சி எடுத்தார். பாதியைப் புண்ணின் ஓரத்தைச் சுற்றி ஊசியால் ஏற்றினார். மீதியை, பொன்னுத்தாயின் ரத்தத்தையே உறையவைத்துச் செய்த பசையில் கலந்து, புண்ணின் மேல் பரப்பினார். அதன்மேல் நான் வாசலின் தோய்த்த வலைத்துணியை வைத்து, பஞ்சு வைத்து, இறுக்காமல் கட்டினேன்.

டாக்டர் அவருக்கு மூன்று காரியம் சொன்னார். கால ஊன்றக் கூடாது. கட்ட நீங்க பிரிக்கவே கூடாது. உள்ள ஈரமாத்தான் இருக்கும், கசியும், பயப்படக் கூடாது. காஞ்சிட்டா அந்த அணு எல்லாம் செத்துரும். "புரியுதாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டார். பொன்னுத்தாய் இரண்டு தடவையும் தலையாட்டினார்.

ஒரு வாரத்துக்குப் பிறகு பிரித்தோம். பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த தடவை புண்ணின் தளம் மாதுளை முத்துப் போலச் சிவந்திருந்தது, லேசாகத் தொட்டாலே ரத்தம் துளிர்த்தது. அதற்கும் அடுத்த தடவை, சுருண்டு கிடந்த ஓரம் படிந்து, உள்பக்கமாக ஊதா கலந்த வெள்ளையில் ஒரு மெல்லிய கரை. வெங்காயச் சருகு மாதிரி. டாக்டர் முக்காலியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ன டாக்டர்?"

"எந்திரிச்சிட்டு வே" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

வாரா வாரம் அந்தக் கரை நகர்ந்தது. பாதி மூடியது. பொன்னுத்தாய் முகத்தைப் பார்த்து நானே ஒரு தடவை, ஆறிரும்மா என்று சொல்ல வந்து, வாயை மூடிக்கொண்டேன்.

ஐப்பசியில் செல்லையாவுக்கு மூச்சு முட்டல் அதிகமாகிவிட்டது. அதுவரை கீழ்வீட்டுக்காரர்கள் ஏதோ பார்த்துக்கொண்டார்கள், மற்றபடி மேல்தளத்தில் தனியாகக் கிடந்தார். பொன்னுத்தாய் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும் என்று நின்றார். புண் மூடுகிற வரைக்கும் இங்கேயே இருங்கள் என்று டாக்டர் கெஞ்சாத குறை. "அவரு அங்கன செத்துக் கெடந்தா, நான் இங்கன காலு ஆறிக் கெடந்து என்ன டாக்டர்?" என்றார்.  ஊன்றாமல் நடக்கக் கைத்தடி, புதிதாகப் போட்ட கட்டு, அதே மூன்று காரியம் மறுபடியும். நாலு நாள் கழித்து வரச் சொல்லி அனுப்பினோம்.

மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் வெள்ளம், ஓடைகள் பெருகிச் சாலைக்கு வந்துவிட்டன. டவுன் பஸ் நின்றுவிட்டது. கரண்ட் இல்லாமல் போனில் சார்ஜ் இல்லை. அவர் வர வேண்டிய நாளில் வரவில்லை. மறுநாளும் இல்லை. டாக்டர் காலையில் வந்ததும் பெஞ்சைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார். வரவில்லை என்று நான் தலையை ஆட்டுவேன்.

மழை விட்டு ஓர் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். பொன்னுத்தாய் சந்தோஷமாக இருந்தார். "பாருங்க அண்ணாச்சி, கட்டத் தொடவே இல்ல. நீங்க போட்டது போட்டபடி இருக்கு" என்றார். உண்மைதான். முடிச்சு நான் போட்ட முடிச்சு. ஆனால் துணி அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. அடிப்பக்கம் லேசாகப் பழுப்பேறியிருந்தது.

டாக்டர் முக்காலியில் உட்கார்ந்து முகத்தைக் கிட்டக் கொண்டுபோனார். நிமிர்ந்தார். தேங்காய் ஓட்டை எரித்த புகை வாடை எனக்கும் அடித்தது.

"சிரட்டையாம்மா?" என்று கேட்டார்.

"ஆமா டாக்டர். எப்படிக் கண்டுபிடிச்சீங்க? வெளி வராண்டாவுல சாரல்ல கட்டு நனைஞ்சு போச்சு. பிரிக்கக் கூடாதுன்னுட்டீங்க. அப்படியே ஈரத்தோட விட்டா காலு என்னத்துக்கு ஆகும்? இரும்புச் சட்டியில சிரட்டக் கங்கு போட்டு, மேல கால நீட்டிக்கிட்டு உக்காந்தேன். நல்லாக் காயுற வரைக்கும்."

நான் கட்டை வெட்ட ஆரம்பித்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். மலையில் மழைக் காலத்தில் தேயிலைக்குள் நின்றுவிட்டு வந்தால் காலெல்லாம் அட்டைக் கடி. ரத்தம் நிற்காது. சாயங்காலம் எல்லாப் பெண்களும் அடுப்பைச் சுற்றிக் காலை நீட்டிக் காய்வார்கள். காய்ந்த கால்தான் மறுநாள் வேலைக்குப் போகும். ஈரத்தோடு படுத்தவர்களுக்கு விரலிடுக்கு வெந்து, புண்ணாகி, அழுகி நாறும். அவர் கண்ணால் பார்த்திருக்கிறார்.

"இவரையும் பக்கத்துல உக்காரச் சொன்னேன். கால நீட்டுன ஒடனே, சுடுதுளா, சுடுதுளான்னு இழுத்துக்கிட்டாரு. கீழ எறங்குன ஒடனே காலு பஞ்சாப் போச்சு ஆம்பளைக்கின்னு சொல்லிச் சிரிச்சேன். நான் எவ்வளவு நேரம் இருந்தேன் தெரியுமா?"

செல்லையா சிரிக்கவில்லை. அவர் டாக்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

நனைந்த கட்டைக் கங்குக்கு மேல் காட்டினால் உள்ளே என்ன ஆகும் என்று இட்லிக்கொப்பரை பார்த்தவர்களுக்குத் தெரியும். கடைசிச் சுற்றுத் துணியோடு அந்த வெங்காயச் சருகுத் தோலும் வந்துவிட்டது. மாதுளைச் சிவப்பு இல்லை. வெந்த மீன் நிறத்தில் இருந்தது. அடியில் எலும்பு தெரிந்தது. சுற்றிலும் புண் இல்லாமல் இருந்த இடமும் வெந்திருந்தது. நாற்றம் தொடங்கியிருந்தது.

பொன்னுத்தாய் குனிந்து பார்த்தார். 

"ஈரம் ஆகாதுல்லா டாக்டர்" என்றார், கேள்வி மாதிரி.

ஒரு வாரம் முயற்சி செய்தோம். வெந்த சதையை டாக்டர் வெட்ட வெட்ட, அடியில் உள்ளதும் செத்திருந்தது. எலும்பில் சீழ் ஏறியது. காய்ச்சல் கண்டது. ஒரு நாள் காலையில் டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்காமல் முக்காலியில் உட்கார்ந்தார். எடுக்கணும்மா, முழங்காலுக்குக் கீழ, என்றார்.

"இன்னொருக்க இடுப்புல குத்திப் பாருங்களேன். அங்கன இன்னும் இருக்கும்லா?"

"இருக்கும்மா. வைக்கதுக்குத்தான் எடம் இல்ல."

செல்லையா எழுந்து வெளியே போய்விட்டார். வராண்டாவில் அவர் மூச்சு இழுக்கிற சத்தம் உள்ளே கேட்டது. பொன்னுத்தாய் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "அவருக்கு ஒரு வாய்த் தண்ணி குடுங்க அண்ணாச்சி" என்றார்.

அறுவைச் சிகிச்சை முடிந்த அன்று டாக்டர் கட்டுக் கட்டும் அறைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்தார். "காஞ்சா செத்துரும்னு சொன்னேன். பிரிக்காதீங்கன்னு சொன்னேன். ரெண்டும் சரிதான்லா வே? ஈரம்னு நான் சொல்லுதப்ப அவங்களுக்கு எது ஞாபகம் வரும்னு கேக்கல. காலுக்குச் சூடு தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அடுப்பு ஞாபகம் எனக்கு வரல."  

அந்தச் சோதனையில் சேர்ந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சிலருக்கு மூடியது. சிலருக்கு மூடவில்லை. மூடியவர்களுக்கும் ஸ்டெம் செல்லால் மூடியதா, மாதக்கணக்கில் காலை ஊன்றாமல் படுக்கையில் கிடந்து, சர்க்கரை கட்டுக்குள் வந்ததால் மூடியதா என்று டாக்டராலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை. சொல்ல முடியவில்லை என்றுதான் எழுதியும் அனுப்பினார். செல்போன் படத்தில் இதையெல்லாம் காட்ட மாட்டார்கள். அந்த அணுக்கள் கூப்பிடும் என்பதை நான் என் கண்ணால் பார்த்தேன், பொய் சொல்ல மாட்டேன். பொன்னுத்தாய் குதிகாலில் அது நடந்தது. ஆனால் மேல்தளத்து வீட்டுக்கும், கீழே இருக்கிற குழாய்க்கும், நின்றுபோன பஸ்ஸுக்கும் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. கேட்டு வருகிறவர்களிடம் இதைச் சொன்னால், அண்ணாச்சிக்குப் படிப்பு இல்லை என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். போகட்டும்.

வெட்டிய இடம் சீக்கிரம் ஆறிவிட்டது. எந்த அணுவும் வைக்கவில்லை. ரத்தம் ஓடுகிற நல்ல சதை, தையல் போட்டோம், ஒட்டிக்கொண்டது. தையல் பிரிக்க வந்த அன்று அவரை நாற்காலியோடு தூக்கி வந்து இறக்கினார்கள். கீழ்வீட்டுப் பையன்கள் இரண்டு பேர் மாடியிலிருந்து தூக்கி இறக்கிவிட்டதாகச் செல்லையா சொன்னார். தண்ணீருக்கும் அவர்களைத்தான் கேட்கிறார்கள். தினமும் கேட்க முடியாது என்பதால் குடிக்கிறதைக் குறைத்துக்கொண்டார்கள்.

"நல்லா ஆறியிருக்கு, அம்மா" என்றார் டாக்டர். நான் அவருக்கு உதவியாக இருந்த இத்தனை வருடத்தில் ஆறியது என்று அவர் சொல்லிக் கேட்டது அன்றைக்குத்தான்.

பொன்னுத்தாய் தலையாட்டினார். பொண்ணு பார்த்த கதை மாதிரி எதுவும் சொல்லவில்லை.

டாக்டர் இடது காலை நீட்டச் சொன்னார். இருக்கிற ஒரே கால். அதில் எவ்வளவு உணர்ச்சி மிச்சம் என்று பார்க்க வேண்டும். அதற்கு ஒரு கருவி, சின்னக் கைப்பிடியில் தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் நூல். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நூலின் நுனியைப் பாதத்தில் அது வளைகிற அளவுக்கு அழுத்துவார்கள். தெரிகிற போதெல்லாம் தெரியுது என்று சொல்ல வேண்டும்.

பொன்னுத்தாய் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். டாக்டர் பெருவிரலில் வைத்தார்.

"தெரியுது."

முன்பாதத்தில் வைத்தார். "தெரியுது." நடுவில். "தெரியுது." குதிகாலில். "தெரியுது டாக்டர், நல்லாத் தெரியுது."

டாக்டர் என்னைப் பார்த்தார். நூலைப் பாதத்திலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு கையையும் விலக்கிக்கொண்டார்.  செல்லையா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"தெரியுது" என்றார் பொன்னுத்தாய். கொஞ்சம் பொறுத்து மறுபடியும், "தெரியுது."